கண்ணாடி இல்லாத மேடை

உலக நடன வரலாறு இனி இரண்டாகப் பிரிக்கப்படும் என்று சபேசனே வாட்ஸ்அப்பில் அறிவித்திருந்த நாள் அது. நாற்பத்திரண்டு வயதில் அவன் அமைத்த முதல் தெரு நடனம் பொருட்காட்சித் திடலில் நடந்த நடனப் போட்டியில் மேடையேறியது. ஆறு மாதமாக அவனும் நண்பர்கள் நால்வரும், மூடிக்கிடந்த துணிக்கடையின் கண்ணாடியில் தங்களைப் பார்த்துப் பார்த்தே பழகியிருந்தார்கள். மேடையில் கண்ணாடி இல்லை. பாட்டு தொடங்கியதும் சபேசனுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. அவனைப் பார்த்து ஆட வேண்டிய நால்வரும் அவனைப் போலவே திருதிருவென்று விழித்தார்கள்.

“என்னங்க, இங்க என்னையப் பாருங்க!”

முன்வரிசையில் அவன் மனைவி அங்கையற்கண்ணி. “எறும்பு கடிச்சவன் மாதிரி இதென்ன ஆட்டம்?” என்று கேலி செய்துகொண்டே பயிற்சிக்குத் தினமும் தேநீர் கொண்டுவந்தவள், இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு அசைவு விடாமல் கையால் ஆடிக் காட்டினாள். அவன் கண்ணெடுக்காமல் அவளைப் பார்த்து ஆடினான்; நால்வரும் அவனைப் பார்த்து ஆடினார்கள். நடுவே அவள் பிடரியில் பட்டென்று அறைந்து கையை உதறினாள். மேடையில் ஐவரும் அறைந்து உதறினார்கள். திடலே விசிலடித்தது.

“அந்தப் பிடரி ஸ்டெப்பு எப்படி சார் தோணுச்சு? அதுல ஒரு பெரிய வலி இருக்கு!” என்று நடுவர் தழுதழுத்தார்.

சபேசன் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தான்.

அந்தத் திடலில் கொசு அதிகம்.