அவித்த கோதுமை

மனைவி இறந்தபின் தனியாக இருந்த லெஃப்தேரிஸ், ஞாயிறுதோறும் பூசை முடிகிற நேரத்துக்குத்தான் தேவாலயத்துக்குப் போவார். இறந்தவர் யாருக்கு நினைவுநாள் என்றாலும், பக்கத்துக் கூடத்தில் காபியும் சர்க்கரை போட்ட அவித்த கோதுமையும் கொடுப்பார்கள். பேச்சுத்துணையும் கிடைக்கும்.

அன்று கோதுமைப் பொட்டலம் கொடுத்த ஃபோதினியிடம், யாருக்கு நினைவுநாள் என்று கேட்காமலே சொன்னார்: "அருமையான ஆத்மாம்மா. என்கூட ஆபீஸ்ல இருந்தவங்க."

"போன வாரம் நினைவுநாள் வந்த மீன்காரரும் உங்க ஆபீஸ்தானே அண்ணே?" என்றார் காபி ஊற்றியவர். யாரோ சிரித்தார்கள்.

ஃபோதினி சிரிக்கவில்லை. "அண்ணே, இன்னிக்கு நம்ம அஸிமினா அக்காவுக்கு ஒரு வருஷம். நீங்க எதுவும் செய்யலையேன்னு நாங்களே கோதுமை அவிச்சோம்."

அஸிமினா அவருடைய மனைவி.

ஒவ்வொருவராக வந்து, "ஆண்டவர் ஆறுதல் தரட்டும்" என்று கையைப் பிடித்தார்கள். அவரால் நிமிர முடியவில்லை. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.