கடைசி டப்பா

"அந்த மூலை டப்பாவைத் தொடாதேடா. முதல்ல இதெல்லாம் காலியாகட்டும்" என்றாள் அக்கா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

தம்பி ஃப்ரீசருக்குள் நுழைத்த கையை வெளியே எடுத்துக்கொண்டான். சாயங்காலம் ஃபிரிட்ஜை எடுத்துப்போகப் பழைய சாமான் கடைக்காரர் வண்டியோடு வருகிறார். நாளைக்குச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அம்மா போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. அவள் நிரப்பி வைத்த டப்பாக்கள் மட்டும் அப்படியே இருந்தன.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஷிப்ட் எப்போது மாறும் என்று அவளுக்கே தெரியாது. அதனால் லீவு நாளில் ஒரே மூச்சில் வாரம் முழுவதற்கும் வெட்டி, அரைத்து, சமைத்து, டப்பா டப்பாவாக உறைய வைத்துவிடுவாள். வாரக் கடைசியில் முட்டைக்கோஸ் தண்டு முதல் காய்ந்துபோன ரொட்டி வரை மிச்சம் மீதி எல்லாம் ஒரே பானைக்குள் போகும். பிள்ளைகள் அதற்கு 'வாரப் பரீட்சை' என்று பேர் வைத்திருந்தார்கள். என்ன வரும் என்று யாருக்கும் தெரியாதே.

டப்பாக்கள் எல்லாமே ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஆஸ்பத்திரி கேன்டீனில் தூக்கிப் போடுவதைக் கழுவி எடுத்து வருவாள். மூடியில் ஸ்ட்ராபெரிப் படம் இருக்கும். உள்ளே பட்டாணியோ எலும்புச் சாறோ இருக்கும்.

"ஞாபகம் இருக்கா?" அக்கா சிரித்தாள். "ஒருநாள் ஸ்பூனைத் தூக்கிட்டு ஓடிப்போய், ஒரு வாய் இஞ்சி பூண்டு விழுதை அள்ளிப் போட்டுக்கிட்டியே."

"நீ மட்டும் என்னவாம்? எனக்குத் தராம திங்கணும்னு டப்பாவைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சே. உள்ளே இருந்தது மீன் தலை. வீடே நாறிப்போச்சு."

"அம்மா திட்டவே இல்லைடா. சிரிச்சுச் சிரிச்சு அவளுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"தண்ணி வந்துச்சு. சிரிச்சதாலதான் வந்துச்சான்னு இப்பத்தான் சந்தேகமா இருக்கு" என்றான் தம்பி.

அக்கா பட்டாணி, காரட், அரைத்த விழுது என்று ஒவ்வொரு டப்பாவாகப் பானையில் கவிழ்த்தாள். முளைவிட்டிருந்த இரண்டு உருளைக்கிழங்கையும் தோல் சீவிப் போட்டாள். கொதி வந்ததும் தம்பி ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தான்.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்லை. ஆனா அம்மா வச்ச மாதிரி இல்லை."

"எப்படி இருக்கும்? இதெல்லாம் அவ வெட்டினதும் அரைச்சதும்தான். கொதிக்க வச்சது நான்தானே."

தம்பி ஃப்ரீசரை எட்டிப் பார்த்தான். அடித்தட்டில், மூலையில், பனி அப்பி அந்த ஒரே டப்பா. அம்மா தன் கையால் சமைத்து முடித்தது ஏதாவது மிஞ்சியிருந்தால், அது அதில்தான் இருக்க வேண்டும். அந்த ருசி இனி எந்த ஊருக்குப் போனாலும் கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அது கோழிக் குழம்புதான்" என்றான். "கடைசியா போன்ல சொன்னா. 'உனக்குப் பிடிச்சது ஃப்ரீசர்ல வச்சிருக்கேன், எப்படா வர்றே'ன்னு. எனக்குக் கோழிதானே பிடிக்கும்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "உன்கிட்டயும் சொன்னாளா? என்கிட்டயும் அதையேதான் சொன்னா. எனக்குப் பிடிச்சது காளான் சூப்."

"அப்போ யாரோ ஒருத்தர்கிட்ட அம்மா புளுகியிருக்கா."

"உன்கிட்ட எதுக்குப் புளுகப்போறா? நீதானே செல்லப் பிள்ளை."

இரண்டு பேருக்கும் தலையில் நரை வந்தாகிவிட்டது. இந்தப் பங்குச் சண்டை மட்டும் தீர்ந்தபாடில்லை.

"அம்மா கூப்பிட்டப்போ நீ என்ன சொன்னே?" என்று கேட்டாள் அக்கா.

"அடுத்த மாசம் வர்றேன்னேன். நீ?"

"நானும்தான்."

அக்கா பானையை இறக்கி வைத்தாள்.

"கோழியா இருந்தா நீ எடுத்துட்டுப் போ. சூப்பா இருந்தா நான் எடுத்துக்கறேன்" என்றாள் அக்கா.

"வேண்டாம்க்கா. எதுவா இருந்தாலும் இங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுடலாம். ஆளுக்குப் பாதி."

டப்பாவை வெளியே எடுத்தார்கள். மூடி பனியில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. அம்மா செய்வது போலவே, அக்கா அகலப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதில் டப்பாவை உட்கார வைத்தாள். சூடுபண்ண அடுப்பில் வாணலியை ஏற்றினாள். தம்பி இரண்டு தட்டில் சோறு போட்டு, நடுவில் குழி பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். டப்பாவைத் திறக்க இருவருக்கும் பயமாக இருந்தது. இதைச் சாப்பிட்டுவிட்டால் அம்மா நிஜமாகவே போய்விடுவாள் போல இருந்தது.

பனி கரைந்ததும் அக்கா டப்பாவைத் துணியால் துடைத்தாள். நகத்தை விட்டு நெம்பியதும் மூடி கையோடு வந்தது. உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, கோழிதானே?"

அவள் டப்பாவை அவன் பக்கம் திருப்பினாள். மூடிக்கு அடியில், கம்பெனியில் ஒட்டிய வெள்ளித்தாள் பிரிக்கப்படாமல் இருந்தது. தம்பி அதன் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரித்தான்.

வெந்நீரில் பாதி உருகி, இளஞ்சிவப்பாக, அந்த வீட்டில் முதல்முறையாக ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருந்தது.