காப்பில் எரிந்த பச்சை

வேலை போன மறுநாள் காலை, லிஃப்ட் ஒன்பதாவது மாடியில் நின்று ஓவிய ஆசிரியர் இளம்பரிதி உள்ளே வந்ததும், வினோதினியின் கையிலிருந்த காப்பு பச்சையாக எரிந்தது. நாற்பத்திரண்டு வயதில், முதல்முறையாக.

நம்மேல் ஆசை இருப்பதாகத் தன் காப்பில் பதிந்து வைத்தவர் பக்கத்தில் வந்தால் நம் காப்பு எரியும். ஆனால் அவருடைய படிப்பும் சம்பளமும் பதவியும் நாம் வைத்த எல்லைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதவி உயர்வின்போதும் வினோதினி அந்த எல்லையை ஏற்றிக்கொண்டே போயிருந்தாள். நேற்று வேலை போனதும் அது தானாகவே இறங்கிவிட்டது.

"சார், இது... நீங்களா?"

இளம்பரிதியின் முகம் வெளிறியது. "ஐயோ, அது பழசு மேடம். நீங்க இங்க குடிவந்த புதுசுல பதிஞ்சு வச்சது. எடுக்க மறந்தே போச்சு."

மாலையில் அவள் ஓடி வருவதைப் பார்த்தால் லிஃப்டைப் பிடித்து நிறுத்துகிறவர். அவளும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் 'தேங்க்ஸ்' என்பாள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்க கையில விளக்கே எரியல. அப்புறம் எப்படிங்க கேக்கறது? அசிங்கமா நினைச்சிருப்பீங்களே."

நினைத்திருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்" என்று சொல்லி, அவர் தன் காப்பை ஒருமுறை அழுத்தினார். வினோதினியின் கையில் பச்சை அணைந்தது.

இருவரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தரைத்தளம் வர இன்னும் மூன்று மாடி இருந்தது.