இருபத்தேழு இன்ச்

“இன்னும் தள்ளி ஒக்காரும்மா. இவ்ளோ கிட்ட வேணாம், அங்கேருந்தே நல்லா தெரியும்.”

பிரவீன்குமார் நாற்காலியோடு சேர்த்து அம்மாவைப் பின்னால் இழுத்தான்.

அம்சவள்ளிக்குப் பழக்கம் விடவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் லேப்டாப்பில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்துதான் அவளைப் பார்த்துவந்தாள். நைனார்பாளையத்திலிருந்து ஓசூருக்கு பஸ் மாறி மாறிப் போய் வருவதென்றால் ஒரு நாள் போய்விடும். நினைத்த நேரத்துக்குப் போகிற தூரமா அது?

அந்த லேப்டாப் பள்ளிக்கூடத்து சிலேட்டை விடக் கொஞ்சம்தான் பெரிது. வீட்டிலிருந்தே சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கிற மகனுக்கு, தூக்கிக்கொண்டு போக லேசாக இருக்கட்டும் என்று ஆபீசில் கொடுத்தது. அம்சவள்ளிக்கோ கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. கண்ணாடி போட்டும் மகள் சொல்வதில் பாதி பிடிபடாது. மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்பாள். செந்தமிழ்ச்செல்வியும் சலிக்காமல் சொல்வாள். அப்படியும் விளங்காததற்கு அம்சவள்ளி சும்மா தலையாட்டிவிட்டு, அது என்னவாக இருக்கும் என்று அந்த வாரம் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டிருப்பாள்.

போன வாரம்தான் பிரவீன்குமார் இந்தப் பெரிய மானிட்டரைக் கள்ளக்குறிச்சியிலிருந்து பைக்கின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி எடுத்துவந்தான்.

“இன்னாடா இது, பாதி சுவத்த அடைச்சிக்கினு நிக்குது!” என்று அன்றைக்கு அவள் சத்தம் போட்டாள்.

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன்தான் மகனுக்குப் பரிந்து பேசினார். “அவன் வேலைக்கு வாங்கிக்கினு வந்துக்கிறான். உனுக்கு இன்னா? வுடு.”

இப்போது அந்த மானிட்டர் மேசை மேல் நிமிர்ந்து நின்றது. அதன் காலடியில் லேப்டாப், ரெண்டுக்கும் நடுவே ஒரு வயர். பிரவீன்குமார் ஹெட்போனைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எதையோ தட்டினான்.

மகளின் முகம் வந்தது.

அம்சவள்ளி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இதே வீட்டில், இதே அறையில், எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தாள் செந்தமிழ்ச்செல்வி. கழுத்தில் வேர்க்குரு தெரிந்தது. மூக்குத்தி புதுசு. கன்னம் ஒட்டவில்லை. சின்னத் திரையில் எல்லாமே ஒட்டின மாதிரிதான் தெரிந்தது.

வழக்கம்போல முதலில் அதைத்தான் கேட்டாள், உன்னை நல்லா வச்சிருக்கிறார்களா என்று.

நல்லாத்தான் இருக்கேன் என்றாள் மகள்.

இதைத்தான் வாராவாரம் சொல்கிறாள். எந்தப் பெண்தான் பெற்றவளிடம் வேறு மாதிரி சொல்வாள்? மாப்பிள்ளை தங்கமானவர், அதில் குறையில்லை. ஆனால் விடிந்தால் கம்பெனிக்குப் போகிறவர், இருட்டித்தான் திரும்புகிறார். அதுவரைக்கும் அந்த வீட்டில் அவளும் மாமியார் விஜயலட்சுமியும்தான். கல்யாணத்தன்று அந்த அம்மாள் மருமகள் முகத்தைப் பார்ப்பதும், என்ன செய்வதென்று தெரியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வதுமாக இருந்ததை அம்சவள்ளி கவனித்திருந்தாள். பகலெல்லாம் தன் பெண் யாரோடு பேசுவாள்? இந்த ஒரு கேள்வி அவளைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மகளின் தோளுக்குப் பின்னால் அடுப்படி வாசல் இருப்பதைப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்த இடம் வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது. இப்போது அங்கே விஜயலட்சுமி, கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

விஜயலட்சுமி சுவரில் கையை வைத்தாள். விளக்கு அணைந்து எரிந்தது. மறுபடியும் அணைந்து எரிந்தது.

செந்தமிழ்ச்செல்வி திரும்பிப் பார்த்தாள்.

தொண்டை கிழியக் கத்திக் கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாள். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

விஜயலட்சுமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் வந்தாள். ஆள்காட்டி விரலை நீட்டித் தன் காதைத் தொட்டாள். செந்தமிழ்ச்செல்வி சிரித்துவிட்டாள். அந்த விரலைப் பிடித்து, காதிலிருந்து எடுத்து, மாமியாரின் மூக்கோரத்தில் கொண்டுபோய் வைத்தாள். மாமியாரும் சிரித்தாள். தலையில் லேசாகத் தட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மூக்கைத் தொட்டால் அம்மா. விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். பிறகு உள்ளங்கையை விரித்து, புருவத்தை உயர்த்தினாள்.

அம்மா சாப்பிட்டாங்களா?

கேட்டது தன்னைத்தான் என்று புரிய அம்சவள்ளிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மகனின் மணிக்கட்டை, அவன் பக்கம் திரும்பாமலே, இறுகப் பிடித்தாள்.

“பதில் சொல்லும்மா” என்றான் பிரவீன்குமார். “கைய லேப்டாப்புக்கு நேரா காட்டு. கேமரா அதுலதான் கீது.”

காலையிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. இருந்தாலும் இரண்டு கைகளையும் தூக்கி, சாப்பிட்டேன், வயிறு நிறைஞ்சிடுச்சி என்று சொன்னாள்.

சொன்னதோடு விட மனசு வரவில்லை. அந்த அம்மாளை ஒரு முறை கூப்பிட வேண்டும் போல இருந்தது. சம்பந்தி என்பதற்கு அவர்கள் வீட்டுச் சைகையில் ஒன்றும் கிடையாது, அதற்கு இதுவரை தேவையே வந்ததில்லை. கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

பிறகு அக்கா என்று கூப்பிட்டாள்.

விஜயலட்சுமிக்கு அது புரியவில்லை. மருமகளின் தோளைத் தொட்டு அர்த்தம் கேட்டாள். செந்தமிழ்ச்செல்வி அவள் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.