அறுபத்து மூன்றாம் மாதிரி

“இன்னும் மூணு மணி நேரம்தான் சார் இருக்கு. அஞ்சு மணிக்கு ஆய்வுப் பட்டியலை மூடிடுவாங்க. ஒரே ஒரு கட்டம். ‘இல்லை’ங்கிறதை ‘உண்டு’ன்னு மாத்தணும்.”

மருத்துவமனை ஆவண அறையின் பொறுப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எதிரே நின்ற மாணவியைப் பார்த்தார். எந்தக் கோப்பையும் லேசில் திறக்க மாட்டார் என்பதால் ஆய்வு மாணவிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பூட்டு’.

“எந்தக் கட்டம்?”

“அறுபத்து மூணாம் நம்பர். ரெண்டு வருஷம் முன்னாடி வைரஸ் காய்ச்சல்ல இங்க சேர்ந்தவர். அவருக்கு சுகர் இருந்துச்சான்னு கேட்கிற கட்டம்.”

“இருந்துச்சுன்னு உனக்கு யார் சொன்னது?”

“ரத்தம் சொல்லுது சார்.” அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். “வைரஸ் உள்ளே வந்ததும் அதைத் தடுக்கிற ஜீன்கள் உடனே முழிச்சுக்கணும். எங்க பட்டியல்ல சுகர் இருக்கிறவங்க பல பேருக்கு அது மந்தமா இருக்கு. வீக்கத்தைக் கிளப்புற ஜீன்கள்தான் ஓயாம வேலை செய்யுது. நோய் முத்துறதுக்கு அதுதான் காரணமான்னு பார்க்கிறோம். இவரை சுகர் இல்லாதவங்க கூட்டத்துல வச்சிருக்கோம். ஆனா இவர் ரத்தம் அந்தக் கூட்டத்தோட சேரவே இல்லை.”

“உன் ஜீன் வந்து என் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுமா?”

அவள் சிரிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

“உன் புரொபசர் என்ன சொல்றார்?”

“ஒண்ணு ஒத்து வரலேன்னா அதைத் தூக்கிட்டு மிச்சத்தை அனுப்புங்கிறார்.”

“நல்ல மனுஷன். தூக்கிட்டுப் போயேன். எனக்கும் வேலை மிச்சம்.”

“தூக்க முடியாது சார்.”

“ஏன், பட்டம் போயிடுமா?”

“தூக்கினாதான் பட்டம் சீக்கிரம் கிடைக்கும்.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு முனகிக்கொண்டே ஏணியில் ஏறி, ஒரு கோப்பை உருவிக்கொண்டு இறங்கினார். தூசியை ஊதிவிட்டுப் புரட்டினார்.

“வயசு முப்பத்து நாலு. சேர்ந்த அன்னைக்கே ஸ்டீராய்டு போட்டிருக்காங்க. அப்புறம் சுகர் ஏறியிருக்கு. மருந்தால ஏறினதுன்னு டாக்டர் எழுதியிருக்கார். பதினோராவது நாள்…” நிறுத்திக்கொண்டார். “பாவம். சின்ன வயசு.”

“மருந்தால மட்டும் ஏறலை சார். முன்னாடியே இருந்துச்சு. தெரிஞ்சிருந்தா முதல் நாள்லேர்ந்தே வேற மாதிரி பார்த்திருப்பாங்க.”

“நீ கூடவே நின்னு பார்த்த மாதிரி பேசறே. ஜீனை மட்டும் வச்சு இவ்வளவு அடிச்சுச் சொல்ல முடியுமா?”

“முடியாது,” என்றாள் மெல்ல. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி நேரம்கூட இல்லை.

“சரி, விதி ஒண்ணுதான்.” அவர் மேஜை இழுப்பறையிலிருந்து திருத்தப் படிவத்தை எடுத்து நீட்டினார். “சேர்க்கும்போது விவரம் சொன்னவங்களே வந்து, தப்பாச் சொல்லிட்டோம்னு கையெழுத்துப் போடணும். ரெண்டு வருஷம் கழிச்சு எவன் வருவான்? வந்தாலும் எந்த வாயால ஒத்துக்குவான்?”

அவள் படிவத்தை வாங்கினாள். அவருடைய பேனாவையே எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டு, அவர் பக்கம் தள்ளினாள்.

“ஏம்மா, தமிழ்லதானே சொன்னேன்? உன் கையெழுத்து எதுக்கு?”

“சுகர்னு சொன்னா படுக்கை தர மாட்டாங்கன்னு வரிசையில யாரோ சொன்னாங்க சார்,” என்றாள். “அண்ணனுக்கு மூச்சு வாங்கிக்கிட்டே இருந்துச்சு. ‘இல்லை’ன்னு சொன்னது நான்தான்.”