காலி டப்பா

அந்த நாளில் ஆவடி பஸ்ஸில் பெண்கள் முன்படியில் ஏறுவார்கள், ஆண்கள் பின்படியில். கஜபதி பின்னால் தொங்கிக்கொண்டே சாப்பாட்டுக் கூடையை நீட்டுவான். கூட்டம் அதைக் கைமாற்றி அவன் மனைவி சுசீலாவிடம் சேர்க்கும். அவள் டிரைவர் பக்கத்து எஞ்சின் பெட்டியின் மேல் அதை வைத்திருந்து, அம்பத்தூரில் அவனுடைய பட்டறை வந்ததும் திருப்பி அனுப்புவாள். அவள் வேலை அதற்கும் அப்பால்.

அவள் இறந்த பிறகு, கேன்டீனில் ராத்திரிக்குச் சோறு வாங்கிவர, காலி டப்பாவைத்தான் கூடையில் கொண்டுபோனான். ஒரு நாள் பழக்கத்தில் நீட்டிவிட்டான்.

"முன்னால குடுப்பா, ஊட்டுக்காரம்மாகிட்ட."

கூடை தலைகளுக்கு மேலே போன பிறகுதான் உறைத்தது. எக்கிப் பார்த்தான்; அதற்குள் அது கூட்டத்தில் மறைந்துவிட்டது. யாருடையது என்று முன்னால் ஒருவரும் கேட்கவில்லை.

பட்டறை ஸ்டாப்பில் கூடை கைமாறித் திரும்பி வந்தது.

"இன்னா அண்ணாத்தே, இந்தக் கனம் கனக்குது? அண்ணி பலமா கட்டிகீறாங்கோ!" என்று சிரித்தான் படிக்கட்டில் நின்றவன்.

இறங்கி முன்பக்கம் ஓடுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

மத்தியானம் லேத்தை நிறுத்திவிட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டான். இன்னும் சூடாக இருந்தது. அவன் திறக்கவில்லை. திறந்தால் ஆறிவிடும்.