நாலாவது மோடு

சுயம்புலிங்கத்தின் பைக்கில் ஓட்டும் விதத்தை மாற்றிக்கொள்ள ரோடு, ஸ்போர்ட், ரெயின் என்று மூன்று மோடுகள்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு வேலைக்கு வர அவருக்கு ரோடு மோடே போதும். ஆனால் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே சில நாள் வண்டி தானாக ரெயினுக்கு மாறிவிடும். திருப்பி மாற்றினாலும் கேட்காது. கால் மணியில் மழை கொட்டும்.

ஷோரூமில் பிரித்துப் பார்த்துவிட்டு, பழுதே இல்லை என்றார்கள். கழுதை, கிடந்துவிட்டுப் போகிறது என்று அவரும் விட்டுவிட்டார். அவர் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில், வெளுத்த துணியை வெட்டவெளியில் காயப்போடும் பெண்களுக்கு அது பெரிய உபகாரம். நனைந்தால் அன்றைய பாடெல்லாம் வீண். அதனால் மோடு காட்டும் மீட்டரை எரியவிட்டே கொடியோரம் வண்டியை நிறுத்துவார். ரெயின் என்று வந்ததும் அவர்களில் ஒருத்தியான பாண்டிசெல்வி குரல் கொடுப்பாள். அத்தனை துணியும் உள்ளே போய்விடும். ஒரு தடவைகூட வண்டி ஏமாற்றியதில்லை.

இன்று மத்தியானம் அவள் அவரைத் தேடி ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, செத்த வந்து பாருங்க. அந்த மூணும் இல்லாம வேற என்னமோ எரியுது."

பார்த்தார். மூன்று பெயர்களுக்கும் கீழே நாலாவதாக ஒரு கட்டம் எரிந்தது. அதில் எழுத்து ஒன்றும் இல்லை. பொத்தானை அழுத்தினார், மாறவில்லை. சாவியை உருவினார், அணையவில்லை.

மலைப்பக்கம் மேகமே இல்லை. கொடியில் ஒரு துணியும் அசையவில்லை. பெண்கள் எல்லோரும் வழக்கம்போல் முந்தானையைச் செருகிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் பாண்டிசெல்வி. "எதை உள்ள எடுக்க?"